வெட்டிய இடம் தெரியாமல் சாம்பிள் எடிட் செய்வது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. மரப்பெட்டியில் தட்டிய ஒரு தாளம், சில கைதட்டல்கள், ஒரு தோழி பாடிய நீண்ட ‘ஆ’ ஆகியவற்றை மைக் வைத்து நீங்களே பதிவு செய்திருக்கிறீர்கள். மென்பொருளில் போட்டு வெட்டினால் வெட்டிய இடத்தில் ‘டிக்’ என்று கேட்கிறது. ‘ஆ’வை லூப் போட்டால், அதாவது திரும்பத் திரும்ப ஓடவிட்டால், அது திரும்பும் இடம் அப்பட்டமாகத் தெரிகிறது. பாட்டின் வேகத்துக்கு இழுத்தால் ஒலி குழறுகிறது, கீபோர்டில் மேல் ஸ்வரங்களில் வாசித்தால் குரல் பொம்மைக் குரலாகிவிடுகிறது. எந்த பிளக்இன் (மென்பொருளில் சேர்க்கும் துணைக் கருவி) போட்டால் இதெல்லாம் சரியாகும் என்று கேட்கிறீர்கள்.

பிளக்இன் எதுவும் தேவையில்லை. நீங்கள் சொன்ன குறைகளில் பாதி ஒலியின் இரண்டு ஓரங்களிலிருந்து வருகிறது. மீதி, வேலைகளைச் செய்யும் வரிசை மாறிப்போவதால் வருகிறது. ஓரங்களைக் கவனித்து, வரிசையை ஒழுங்குபடுத்தினால் இலவச மென்பொருளிலேயே சுத்தமான சாம்பிள், அதாவது பாட்டில் பயன்படுத்தும் ஒலித்துண்டு, கிடைக்கும். அதனால் எந்த மென்பொருள் என்பதில் நேரம் செலவழிக்காதீர்கள். ஆடாசிட்டி, ரீப்பர், ஏபிள்டன் லைவ், எஃப்எல் ஸ்டுடியோ, லாஜிக் எதுவாக இருந்தாலும் கீழே சொல்வது பொருந்தும்.

முதல் வேலை, மூலப் பதிவை வேறு ஃபோல்டரில் ஒரு பிரதி எடுத்து வைப்பது. ஏபிள்டன், ரீப்பர், லாஜிக் ஆகியவற்றின் டைம்லைனில் நீங்கள் வெட்டும்போது டிஸ்கில் உள்ள ஃபைல் மாறாது. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் வெட்டிய பகுதி திரும்ப வந்துவிடும். ஆனால் எஃப்எல் ஸ்டுடியோவின் எடிசன் போன்ற எடிட்டர்கள் அலைவடிவத்தையே மாற்றுகின்றன. மாற்றியதை அதே பெயரில் சேமித்துவிட்டால் பழையது போனது போனதுதான். சாம்பிள் வேலையில் பத்து நாள் கழித்து “அந்தத் தட்டலின் வால் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாமே” என்று தோன்றுவது சர்வசாதாரணம். மூலம் கையில் இருந்தால் அது ஐந்து நிமிட வேலை.

அடுத்து, வெட்டத் தொடங்கும் முன் பதிவை ஒரு முறை முழுதாகக் கேட்டு, பெரிதாக்கியும் பாருங்கள். அலையின் உச்சிகள் கத்தரித்ததைப் போல் தட்டையாக இருந்தால் அது கிளிப்பிங். அங்கே இருந்த தகவல் பதிவாகவே இல்லை, எந்தக் கருவியும் ஊகித்து நிரப்பத்தான் முடியும். திரும்பப் பதிவு செய்ய வாய்ப்பிருந்தால் அதைச் செய்யுங்கள். 24 பிட்டில் பதிவு செய்யும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகே இருந்தாலே போதுமானது. 16 பிட்டுக்கு ஏட்டளவில் 96 டெசிபல் வீச்சு என்றால் 24 பிட்டுக்கு 144 டெசிபல், ஆகவே சத்தம் குறைவாகப் பதிவாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

சாம்பிள் ரேட்டையும், அதாவது ஒரு வினாடி ஒலி எத்தனை புள்ளிகளாகப் பதிவாகிறது என்பதையும், பார்த்துவிடுங்கள். ஃபைல் 48 கிலோஹெர்ட்ஸில் இருந்து, அதைச் சரியாக மாற்றாமல் 44.1 கிலோஹெர்ட்ஸ் ஃபைல் என்று நினைத்து ஓட்டினால் வேகம் ஏறக்குறைய 8 சதவீதம் குறைந்து, சுருதி ஒன்றரை செமிடோன் இறங்கிவிடும் (செமிடோன் என்பது கீபோர்டில் அடுத்தடுத்த இரு விசைகளின் இடைவெளி). பெரும்பாலான மென்பொருட்கள் தானாகவே மாற்றிக்கொள்கின்றன. ஆனாலும் ‘எல்லாமே கொஞ்சம் சுருதி இறங்கி, சோம்பலாகக் கேட்கிறது’ என்று தோன்றினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஃபோனில் பதிவு செய்திருந்தால் இன்னொன்றும் உண்டு. பல ஃபோன் செயலிகள் பேச்சுக்காக ஒலி அளவைத் தாமாகவே ஏற்றி இறக்கும், பின்னணி இரைச்சலை வெட்டும். மரப்பெட்டித் தட்டலின் வால் பாதியில் மூச்சடைத்து நிற்பது அதனால்தான். அந்த வசதிகளை அணைத்துவிட்டு, வேவ் வடிவில் பதிவு செய்யும் செயலியைப் பயன்படுத்துங்கள்.

இப்போது இரைச்சல். இங்கேதான் பலருக்கும் வரிசை தப்புகிறது. ஒலி தொடங்கும் முன் உள்ள அமைதியைக் குப்பை என்று நினைத்து முதல் வேலையாக வெட்டி எறிந்துவிடுகிறார்கள். இரைச்சல் குறைக்கும் கருவிகளுக்குத் தேவையான மாதிரியே அந்த அமைதிதான். அறையின் காற்று, ஃபேன், மைக் ஒலியைப் பெருக்கும் பிரீஆம்ப் இவற்றின் சீறல் மட்டும் தனியாக இருக்கும் அரை வினாடியோ ஒரு வினாடியோ அங்கேதான் கிடைக்கும். அதைத் தேர்ந்தெடுத்து இரைச்சலின் மாதிரியாகக் கொடுத்த பிறகு முழுப் பதிவிலும் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது? 6 முதல் 12 டெசிபல் வரை போதும். அதற்கு மேல் போனால் ஒலியின் மென்மையான வால் பகுதியில் சிறு சிறு மணிகள் கிணுகிணுப்பது போன்ற செயற்கைச் சத்தம் வரும். நேர்மையான சீறலைவிட அது மோசம். பாட்டில் மற்ற கருவிகள் சேரும்போது சீறல் மறைந்துவிடும், கிணுகிணுப்பு மறையாது.

மின்கம்பியிலிருந்து வரும் ‘ம்ம்ம்’ வேறு வகை. அது 50 அல்லது 60 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் மட்டும் நிற்கும். மிகக் குறுகலான ஈக்யூ (குறிப்பிட்ட அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வெட்டுகளால் அந்தந்த இடத்தில் குறைப்பது நல்லது. கைதட்டல் போன்றவற்றில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பயனுள்ளது எதுவும் இல்லை. கீழ் அதிர்வெண்களை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர் போட்டால் இந்த முனகலின் அடிப்பகுதியும் மைக் ஸ்டாண்டின் அதிர்வும் சேர்ந்தே போய்விடும். மரப்பெட்டிக்கு அதே அளவைப் போடாதீர்கள். அதன் வயிற்று ஒலி அங்கேதான் இருக்கிறது. 30 ஹெர்ட்ஸ் அருகே நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, இனி வெட்டு. 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவு என்றால் ஒரு வினாடி ஒலியில் 44,100 புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளியும் அந்தக் கணத்தில் ஸ்பீக்கரின் கூம்பு எங்கே இருக்க வேண்டும் என்று சொல்கிறது. அலை உயரத்தில் இருக்கும் இடத்தில் வெட்டினால், அமைதியிலிருந்து சட்டென்று அந்த உயரத்துக்குத் தாவு என்று கூம்புக்குச் சொல்கிறோம். அப்படிப்பட்ட திடீர்த் தாவலில் கீழிருந்து மேல்வரை எல்லா அதிர்வெண்களும் கலந்திருக்கும். நீங்கள் கேட்கும் ‘டிக்’ அதுதான். பாஸ் ஒலிகளிலும் தூய்மையான குரலிலும் இது துல்லியமாகக் கேட்கும், ஏனென்றால் அதை மூடி மறைக்க மேல் அதிர்வெண்கள் அங்கே இல்லை. கைதட்டலில் இதே வெட்டு பெரும்பாலும் தெரியாமலே போய்விடும்.

அலை நடுக்கோட்டைக் கடக்கும் இடத்தில், அதாவது சீரோ கிராஸிங்கில், வெட்டுவது எல்லோரும் சொல்லும் தீர்வு. ஆடாசிட்டியில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து இசட் விசையை அழுத்தினால் தேர்வின் இரு ஓரமும் அருகிலுள்ள சீரோ கிராஸிங்குக்கு நகரும். ஏபிள்டனில் சாம்பிளை வாசிக்கும் கருவியான சிம்ப்ளரில் ஸ்னாப் என்ற பட்டன் அதே வேலையைச் செய்கிறது. நல்ல பழக்கம்தான், ஆனால் இதை மட்டும் நம்பினால் மூன்று இடங்களில் ஏமாறுவீர்கள்.

ஒன்று, ஸ்டீரியோ. இடது சேனல் நடுக்கோட்டைக் கடக்கும் இடத்தில் வலது சேனலும் கடக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. ஒரு பக்கம் சுத்தமாகவும் மறுபக்கம் ‘டிக்’குடனும் இருக்கும் சாம்பிள்கள் இப்படித்தான் பிறக்கின்றன. இரண்டு, திசை. இரு துண்டுகளை ஒட்டும்போது முதல் துண்டு நடுக்கோட்டை நோக்கி இறங்கி முடிந்து, அடுத்தது அங்கிருந்து மேலே ஏறத் தொடங்கினால் அலையில் ஒரு கூர்மையான முனை உண்டாகும். உயரம் பூஜ்யமாக இருந்தும் காதுக்குத் தெரியும். ஏறும் இடத்தோடு ஏறும் இடமும் இறங்கும் இடத்தோடு இறங்கும் இடமும் சேர வேண்டும். மூன்று, டிசி ஆஃப்செட். சில ஒலி அட்டைகள் அலை முழுவதையுமே நடுக்கோட்டிலிருந்து சற்று மேலேயோ கீழேயோ தள்ளிப் பதிவு செய்துவிடும். அப்படிப்பட்ட ஃபைலில் ஒலியே இல்லாத அமைதிகூட பூஜ்யத்தில் இருக்காது. டிசி ஆஃப்செட்டை நீக்கும் கட்டளையையோ 20 ஹெர்ட்ஸ் ஹைபாஸையோ வெட்டுக்கு முன்பே போட்டுவிட்டால் இந்தத் தலைவலி தீரும்.

அதனால் சீரோ கிராஸிங்கைவிட நான் நம்புவது குட்டி ஃபேடை, அதாவது ஓரத்தில் ஒலியை மெல்ல ஏற்றுவதையோ இறக்குவதையோ. தொடக்கத்தில் ஒன்றிரண்டு மில்லி வினாடி, முடிவில் 5 முதல் 20 மில்லி வினாடி. ஏபிள்டனில் கிளிப் ஓரங்களுக்குத் தானாக ஃபேட் போடும் அமைப்பு இருக்கிறது, ரீப்பரும் வெட்டும்போதே சிறிய ஃபேடைப் போட்டுத் தருகிறது. ஆனால் தானாக வரும் ஃபேடைத் தட்டல் ஒலிகளில் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். ஒரு தட்டலின் அடையாளம் முழுவதும் அதன் முதல் 10, 20 மில்லி வினாடிகளுக்குள் இருக்கிறது. அங்கே 5 மில்லி வினாடி ஃபேட் போட்டால் கட்டை விழும் ஒலி தலையணை விழும் ஒலியாகிவிடும். தட்டலுக்கு ஒரு மில்லி வினாடிக்குள் நிறுத்துங்கள். அலை உண்மையிலேயே அமைதியிலிருந்து தொடங்கினால் ஃபேடே தேவைப்படாது.

வெட்ட வேண்டிய இடத்தைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. திரையில் உயரமாக நிற்கும் உச்சியைப் பார்த்து அதற்கு நேர் முன்னால் வெட்டத் தோன்றும். வேண்டாம். நன்றாகப் பெரிதாக்கி, அமைதிக் கோடு முதன்முதலாக அசையும் இடத்தைத் தேடுங்கள். உச்சிக்குச் சில மில்லி வினாடிகள் முன்பே அது தொடங்கியிருக்கும். அந்த அசைவுக்கு ஒரு மில்லி வினாடி முன்னால் வெட்டினால் தாக்கம் முழுதாக இருக்கும். மறுபக்கம், 15 மில்லி வினாடி அமைதியை முன்னால் விட்டுவைத்தாலும் தொல்லைதான். 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 120 தட்டு) ஒரு பதினாறாம் பங்கு ஸ்வரத்தின் நீளமே 125 மில்லி வினாடி. அதில் 15 தள்ளிப்போனால், எல்லாம் கிரிட்டில் (திரையின் தாளக் கோடுகளில்) சரியாக இருந்தும் வாசிப்பு ஏன் பின்தங்குகிறது என்று புரியாமல் திணறுவீர்கள்.

குரலுக்கு இந்த விதி அப்படியே பொருந்தாது. ‘ஆ’ போல உயிரெழுத்தில் தொடங்கினால் பிரச்சினை இல்லை. ‘சா’ என்று தொடங்கும் சாம்பிளை எடுத்துக்கொள்ளுங்கள். காது தாளமாக எடுத்துக்கொள்வது ‘ச்’ தொடங்கும் இடத்தை அல்ல, ‘ஆ’ திறக்கும் இடத்தை. ‘ச்’சின் தொடக்கத்தைத் தாளத்தில் வைத்தால் பாடகி தாமதமாகப் பாடுவது போலிருக்கும். ‘ச்’சை வெட்டி எறியவும் கூடாது. சாம்பிளை முழுதாக வைத்துக்கொண்டு, டைம்லைனில் அதை முன்னால் நகர்த்தி ‘ஆ’வைத் தாளத்தில் உட்கார வைப்பதுதான் வழி. ஏபிள்டனில் வார்ப் குறியை (ஒலியைத் தாளத்தோடு பொருத்தும் குறி) அந்த இடத்தில் வைத்தும் இதைச் செய்யலாம். பாடும் முன் இழுக்கும் மூச்சையும் உடனே அழித்துவிடாதீர்கள். பாட்டில் வைத்துக் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள், பல நேரம் அந்த மூச்சுதான் குரலை உயிருள்ளதாகக் காட்டுகிறது.

வால் பகுதிக்கு அவசரம் வேண்டாம். ஒலி இரைச்சலுக்குள் மறையும் இடம்வரை விட்டு, முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் குறையும் வளைந்த ஃபேட் போடுங்கள். இயற்கையில் ஒலி தேய்வது அப்படித்தான், நேர்கோட்டு ஃபேட் கடைசியில் சட்டென்று அணைந்ததாகக் கேட்கும்.

அடுத்து சுருதியும் வேகமும். இதில் குழம்பாமல் இருக்க ஓர் அடிப்படை போதும். பதிவு செய்த ஒலியை வேகமாக ஓட்டினால் சுருதி ஏறும், நீளம் குறையும். இரண்டும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. ஒரு செமிடோன் ஏற்ற வேகத்தை 1.0595 மடங்காக்க வேண்டும். 12 செமிடோன் ஏற்றினால் நீளம் சரிபாதி. 2 வினாடி சாம்பிளை 5 செமிடோன் ஏற்றினால் ஏறக்குறைய ஒன்றரை வினாடியாகிவிடும். கீபோர்டில் சாம்பிளைப் போட்டு வாசிக்கும்போது சாதாரணமாக நடப்பது இதுதான். இந்தக் கட்டை அவிழ்த்து, சுருதியை மாற்றாமல் நீளத்தையும், நீளத்தை மாற்றாமல் சுருதியையும் மாற்றுவது டைம் ஸ்ட்ரெச்சிங். அதற்கு மென்பொருள் ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக்கி, சிலவற்றைத் திரும்பப் போட்டோ நீக்கியோ, அல்லது அதிர்வெண்களாகப் பிரித்துக் கணக்கிட்டோ புதிதாகக் கட்டுகிறது. எந்த வழியானாலும் இல்லாத தகவலை ஊகிக்கிறது. ஊகம் சிறிதாக இருந்தால் காது மன்னிக்கும்.

எனவே இழுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, இழுத்தே ஆக வேண்டுமா என்பதுதான். உங்கள் மரப்பெட்டித் தாளத்தில் 8 தட்டு காலம் 5.33 வினாடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 பெருக்கல் 60, வகுத்தல் 5.33. ஆக 90 பிபிஎம். பாட்டு 100 பிபிஎம் என்றால் அந்தத் துண்டு 4.8 வினாடியாக வேண்டும். டைம் ஸ்ட்ரெச்சே இல்லாமல் வேகமாக ஓட்டினால் சுருதி 1.8 செமிடோன் ஏறும். மரப்பெட்டிக்குச் சுருதி முக்கியமில்லை. சற்று சிறிய பெட்டியைத் தட்டியது போலிருக்கும், அவ்வளவுதான். எந்தச் சிதைவும் இல்லை. ஏபிள்டனில் இதற்கு ரீபிட்ச் என்று தனி முறையே இருக்கிறது.

இதைக் குறுக்குவழி என்று நினைக்க வேண்டாம். 1987-இல் வந்த எஸ்பி-1200 என்ற சாம்ப்ளர் (சாம்பிள்களைச் சேமித்து வாசிக்கும் கருவி) 12 பிட், 26 கிலோஹெர்ட்ஸ் அளவில் மொத்தமே சுமார் 10 வினாடி ஒலியைத்தான் வைத்துக்கொள்ளும். அதனால் ஹிப் ஹாப் இசைக்கலைஞர்கள் 33 வேக இசைத்தட்டை 45-இல் சுழலவிட்டு, குறைந்த நேரத்தில் பதிவு செய்து, பிறகு மெஷினுக்குள் சுருதியை இறக்கி வாசித்தார்கள். இடத்தை மிச்சப்படுத்தச் செய்த அந்த வேலையில் வந்த கரகரப்பு ஒரு காலகட்டத்து இசையின் அடையாளமாகவே ஆனது. சுருதியும் வேகமும் சேர்ந்து மாறும்போது வரும் ஒலிக்கு ஒரு நேர்மை இருக்கிறது. அது காதுக்குத் தெரியும்.

சுருதி மாறக்கூடாத தாளத் துண்டு என்றால், இழுப்பதைவிடத் துண்டு போடுவது மேல். ஒவ்வொரு தட்டலின் தொடக்கத்திலும் வெட்டி, துண்டுகளைப் புதிய வேகத்தின் கிரிட்டில் உட்கார வைத்தால் ஒவ்வொரு தட்டலும் அதன் மூல ஒலியிலேயே இருக்கும். 1994-இல் வந்த ரீசைக்கிள் என்ற மென்பொருள் இந்த யோசனையைத்தான் பரவலாக்கியது. இன்று எல்லாவற்றிலும் இது இருக்கிறது. ஏபிள்டனில் புதிய மிடி டிராக்காக (எந்த ஸ்வரம் எப்போது ஒலிக்க வேண்டும் என்ற குறிப்புகள் கொண்டது) துண்டு போடும் கட்டளை, லாஜிக்கின் குவிக் சாம்ப்ளரில் ஸ்லைஸ் முறை, ரீப்பரில் டேப் விசையால் தட்டலுக்குத் தட்டல் தாவி வெட்டும் வசதி. வேகத்தைக் கூட்டும்போது இது அருமையாக வேலை செய்யும். குறைக்கும்போது துண்டுகளுக்கிடையே வெற்றிடம் விழும், தாளம் விக்குவது போலிருக்கும். அப்போது ஒவ்வொரு துண்டின் வாலையும் சற்று நீட்டவோ, கொஞ்சம் ரிவர்ப் (செயற்கை எதிரொலி) கொண்டு நிரப்பவோ வேண்டும். இன்னொன்று, மென்பொருள் தானாகக் கண்டுபிடிக்கும் வெட்டுப் புள்ளிகளை அப்படியே ஏற்காதீர்கள். மெல்லிய தட்டல்களை விட்டுவிடும், ஒரு தட்டலின் எதிரொலியை இரண்டாவது தட்டலாக எண்ணும். ஒவ்வொன்றையும் தனியாக அழுத்திக் கேட்டுக் கையால் சரிசெய்யுங்கள்.

இழுத்தே ஆக வேண்டியவற்றுக்குச் சரியான முறையைத் தேர்ந்தெடுங்கள். ஏபிள்டனில் தாளத்துக்கு பீட்ஸ், ஒற்றைக் குரலுக்கோ ஒற்றைக் கருவிக்கோ டோன்ஸ், பல கருவிகள் கலந்ததற்கு காம்ப்ளெக்ஸ். மற்ற மென்பொருட்களில் பெயர் வேறாக இருக்கும், பிரிவினை ஏறக்குறைய இதுதான். உங்கள் குரல் குழறியதற்குத் தாளத்துக்கான முறையில் அதை இழுத்ததே காரணமாக இருக்கலாம்.

பொம்மைக் குரல் விஷயமும் இங்கேதான் வருகிறது. ஒருவர் மேல் ஸ்வரம் பாடும்போது குரல்நாண்கள் வேகமாக அதிர்கின்றன, ஆனால் அவருடைய தொண்டையும் வாயும் சுருங்கிவிடுவதில்லை. ‘ஆ’வை ‘ஆ’வாகக் காட்டும் ஒத்ததிர்வுகள், அதாவது ஃபார்மன்ட்கள், பெரும்பாலும் அதே இடத்தில் நிற்கின்றன. சாம்பிளை வேகமாக ஓட்டும்போது அவையும் சேர்ந்து மேலே போவதால், பாடியவர் அளவில் சிறுத்துவிட்டதாகக் காது எடுத்துக்கொள்கிறது. ஃபார்மன்டைக் காப்பாற்றும் பிட்ச் முறைகள் ஏபிள்டனின் காம்ப்ளெக்ஸ் ப்ரோ போன்றவற்றில் உண்டு. இருந்தாலும் இரு பக்கமும் மூன்று செமிடோன் வரைதான் அவற்றை நம்பலாம் என்பது என் கருத்து. உண்மையான தீர்வு, தோழியை மூன்று நான்கு செமிடோன் இடைவெளியில் பல ஸ்வரங்களைப் பாடவைத்துப் பதிவு செய்து, ஒவ்வொன்றையும் அதன் பக்கத்து விசைகளுக்கு மட்டும் ஒதுக்குவது. ஒரு மணி நேரப் பதிவு, பல மணி நேர எடிட்டிங்கை மிச்சப்படுத்தும்.

கீபோர்டில் போடும் முன் மூலச் சுருதியைச் சரிபார்க்க வேண்டும். டியூனர் ஒன்றைப் போட்டு எத்தனை சென்ட் தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு செமிடோன் 100 சென்ட். நீண்ட குரலில் தொடக்கம் பெரும்பாலும் சற்று இறங்கியிருந்து பிறகு ஏறும், நடுப்பகுதியின் அளவைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ரூட் நோட்டை, அதாவது சாம்பிளின் மூல ஸ்வரத்தை, குறிக்கும்போது பெயரில் ஏமாறாதீர்கள். மிடி எண் 60 என்ற ஒரே நடு சி-யைச் சில மென்பொருட்கள் சி3 என்றும், சில சி4 என்றும், எஃப்எல் ஸ்டுடியோ சி5 என்றும் எழுதுகின்றன. சாம்பிள் ஓர் ஆக்டேவ் தள்ளி ஒலித்தால் தவறு உங்கள் காதில் இல்லை.

ஒலி அளவு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நார்மலைஸ் என்பது உச்சியைப் பார்த்து முழு ஃபைலையும் ஒரே அளவு ஏற்றுவது. 18 டெசிபல் ஏற்றினால் இரைச்சலும் 18 டெசிபல் ஏறும், அதனால்தான் இரைச்சல் வேலை முன்பே முடிந்திருக்க வேண்டும். மரப்பெட்டியை மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என்று தட்டிப் பதிவு செய்திருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக நார்மலைஸ் செய்யவே கூடாது. மூன்றும் ஒரே உயரத்துக்கு வந்து, நீங்கள் பாடுபட்டுத் தட்டிய ஏற்ற இறக்கம் காணாமல் போய்விடும். எல்லாவற்றையும் ஒரே அளவில் ஏற்றுங்கள். ஒரே பலத்தில் தட்டிய மூன்று நான்கு பதிவுகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் வேறொன்று ஒலிக்கும்படி சாம்ப்ளரில் அமைத்தால் வேகமாக வாசிக்கும்போது இயந்திரத்தனம் குறையும்.

லூப்பை ஏன் இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டேன் என்று கேட்கலாம். கம்ப்ரசர் (ஒலி அளவின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது), ஈக்யூ, ரிவர்ப் எல்லாமே கடந்துபோன ஒலியை நினைவில் வைத்துக்கொண்டு இயங்குபவை. லூப் புள்ளிகளைப் பொருத்தமாக வைத்த பிறகு அவற்றை ஃபைலில் பதித்தால், லூப்பின் தொடக்கமும் முடிவும் வெவ்வேறு விதமாக மாறிப் பொருத்தம் கெட்டுவிடும். அதனால் ஃபைலில் பதிக்க வேண்டிய எல்லாம் முடிந்த பிறகுதான் லூப்.

நீண்ட ‘ஆ’வுக்கு, குரல் நிலைத்து நிற்கும் நடுப்பகுதியைத் தேடுங்கள். தொடக்கத்தின் தாக்கமும் கடைசியில் மூச்சு தளரும் இடமும் வேண்டாம். பாடகியின் குரலில் அசைவு (சுருதியின் மெல்லிய ஏற்ற இறக்கம்) இருந்தால் அது பொதுவாக வினாடிக்கு 5 முதல் 7 முறை இருக்கும். லூப்பில் முழு அசைவுகள் அடங்க வேண்டும். பாதி அசைவில் திரும்பினால் எந்தக் கிராஸ்ஃபேடும் (ஒரு முனையை இறக்கியபடி மற்றதை ஏற்றிக் கலப்பது) அதை மறைக்காது. ஒரு வினாடி அளவு, அதாவது ஐந்தாறு அசைவுகள் கொண்ட லூப், மிகக் குட்டியான லூப்பைவிட இயல்பாகக் கேட்கும். ஒற்றை அலைச்சுற்றளவு லூப் போட்டால் குரல் ஆர்கன் போலாகிவிடும், சுருதியும் நகரும். 220 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தின் ஒரு சுற்று 200.45 புள்ளிகள். 200 புள்ளியில் லூப் போட்டால் 220.5 ஹெர்ட்ஸ், அதாவது 4 சென்ட் ஏறிவிடும்.

இரு முனைகளையும் ஒரே திசையில் ஏறும் அலைகளில் பொருத்தி, பிறகு கிராஸ்ஃபேடைச் சிறிதிலிருந்து மெல்லக் கூட்டுங்கள். சிம்ப்ளர், குவிக் சாம்ப்ளர், எடிசன் மூன்றிலும் இதற்கு வழி இருக்கிறது. கிராஸ்ஃபேடின் வடிவத்தையும் கவனியுங்கள். இரு முனைகளின் அலைகளும் நன்றாக ஒத்துப்போகும் ஒற்றைக் குரலுக்கு நேர்கோட்டு கிராஸ்ஃபேட் சரி. அங்கே ஈக்வல் பவர் (வளைந்த கோட்டில் கலக்கும் வடிவம்) போட்டால் நடுவில் 3 டெசிபல் வரை வீங்கும். பல குரல் சேர்ந்த கோரஸ், மழை, கூட்டத்தின் இரைச்சல் போன்ற ஒத்துப்போகாத ஒலிகளுக்கு ஈக்வல் பவர்தான் சரி. அங்கே நேர்கோடு போட்டால் நடுவில் 3 டெசிபல் குழி விழும். லூப் திரும்பும்போது ஒலி ‘மூச்சு விடுவது’ போல் தெரிந்தால் பெரும்பாலும் இந்த வடிவம் மாறிப்போனதுதான் காரணம்.

தாள லூப்புக்கு வேறு உத்தி. கடைசித் தட்டலின் வால் லூப்பின் முடிவில் வெட்டுப்படுவதால்தான் திரும்பும் இடம் தெரிகிறது. லூப்பைத் தொடர்ந்து இரண்டு முறை ஓடவிட்டு ரெண்டர் செய்து (புது ஃபைலாக எழுதி), இரண்டாவது சுற்றை மட்டும் வெட்டி எடுங்கள். முதல் சுற்றின் வால் இரண்டாவதன் தொடக்கத்தில் ஏற்கெனவே கலந்திருக்கும், அதனால் எத்தனை முறை திரும்பினாலும் தொடர்ச்சி அறாது. ரிவர்ப் போட்ட லூப்புகளுக்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

சேமிக்கும்போது 24 பிட் வேவ். எம்பி3 கூடவே கூடாது. தரம் குறைவது ஒரு பக்கம் இருக்க, எம்பி3 என்கோடர் 1,152 புள்ளிகள் கொண்ட கட்டங்களாக எழுதுவதால் ஃபைலின் தொடக்கத்திலும் முடிவிலும் அமைதியைச் சேர்த்துவிடும். நீங்கள் மில்லி வினாடி கணக்கில் பார்த்துப் பார்த்து வெட்டிய ஓரங்கள் அத்தோடு போயின. வேவ் ஃபைலுக்குள்ளேயே ரூட் நோட்டையும் லூப் புள்ளிகளையும் எழுதி வைக்க இடம் உண்டு, பல சாம்ப்ளர்கள் அதைப் படித்துக்கொள்ளும். எல்லாமே படிக்கும் என்று சொல்ல முடியாது என்பதால் ஃபைல் பெயரிலும் சுருதியையும் பிபிஎம்மையும் சேர்த்துவிடுங்கள்.

முடித்த சாம்பிளை இரண்டு விதமாகச் சோதியுங்கள். ஹெட்ஃபோனில் தனியாக, மூலச் சுருதியிலும், ஐந்து செமிடோன் கீழேயும் மேலேயும் வாசித்துப் பாருங்கள். சுருதி இறங்கும்போது ஓரங்களும் நீள்வதால் மறைந்திருந்த ‘டிக்’ அங்கே வெளிப்படும். பிறகு பாட்டின் மற்ற டிராக்குகளோடு வைத்துக் கேளுங்கள். தனியாகக் கேட்டபோது உறுத்திய இரைச்சலோ அறையின் எதிரொலியோ பாட்டுக்குள் தெரியவில்லை என்றால் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த சாம்பிளுக்குப் போகலாம்.